2 லட்சம் போட்டோ, நாலைந்து இடத்தில் நகல்: டூப்ளிகேட் நீக்குவது, தேதி சரிசெய்வது, பேக்கப் எடுப்பது எந்த வரிசையில்?

கேள்வி

வணக்கம். 2004 தொடங்கிச் சேர்ந்த போட்டோ, வீடியோ எல்லாமாக 1.4 டிபி இருக்கிறது. கோப்புக் கணக்கில் 2,10,000 பக்கம். மூன்று பழைய எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு லேப்டாப், ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு போன், கூகுள் டேக்அவுட்டில் (கூகுள் கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் சேவை) இறக்கிய ஜிப் கோப்புகள் என்று சிதறிக் கிடக்கிறது. ஒரே படம் நாலைந்து இடத்தில் இருக்கிறது. ‘புதிய ஃபோல்டர் 2’, ‘பழைய பேக்கப்’, அதற்குள் இன்னொரு ‘பழைய பேக்கப்’ என்று அடுக்கடுக்காகப் போகிறது. 2015 வரையிலான படங்கள் கூகுளின் பழைய போட்டோ மென்பொருளான பிகாசாவில் ஒழுங்கு செய்தவை. முகங்களுக்குப் பெயரும் கொடுத்திருக்கிறது.

தெரிய வேண்டியவை இவை. டூப்ளிகேட்டை எப்படிப் பாதுகாப்பாக நீக்குவது? கோப்புப் பெயர் ஒன்றாக இருந்தால் நீக்கிவிடலாமா? வாட்ஸ்அப் ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கிவிடலாமா? எல்லாம் முடிந்த பிறகு பேக்கப் எப்படி இருக்க வேண்டும்? விண்டோஸ்தான் முக்கியக் கணினி. கமாண்ட் லைன் பழக்கம் கொஞ்சம் உண்டு.

பதில் 1

எதையும் நீக்குவதற்கு முன்னால் பேக்கப். நீங்கள் கேட்டிருக்கும் வரிசையில் அது கடைசியில் இருக்கிறது, அதை முதலில் கொண்டுவாருங்கள். டூப்ளிகேட் தேடும் மென்பொருள் தப்புச் செய்வது அபூர்வம். அது காட்டும் பட்டியலில் ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ அழுத்தும் கைதான் தப்புச் செய்கிறது.

புதிதாக ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு ஃபோல்டர்: டிஸ்க்-1, டிஸ்க்-2, டிஸ்க்-3, லேப்டாப், ஐபோன், ஆண்ட்ராய்டு, டேக்அவுட். பெயர் மாற்றாமல், அடுக்கு மாற்றாமல், உள்ளது உள்ளபடி நகலெடுங்கள். யுஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 1.4 டிபிக்கு 4 மணி நேரம் ஆகும். சின்னக் கோப்புகள் நிறைய என்பதால் நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய யுஎஸ்பி 2 டிஸ்க்கானால் நொடிக்கு 35 எம்பி பக்கம்தான் வரும், 11 மணி நேரத்துக்குக் குறையாது.

நகலெடுக்கத் தொடங்கும் முன் மூன்று பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். 5, 197, 198 என்ற மூன்று எண்களுக்கு நேரே ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் உள்ள மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள். அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கில் டூப்ளிகேட் தேடலை ஓட்டாதீர்கள், எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடவும் வேண்டாம். கெட்ட செக்டாரில் திரும்பத் திரும்ப முட்டியே டிஸ்க் உயிரை விடும். டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி அப்படிச் செய்யாது. நல்ல பகுதியை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் வரும். அந்த டிஸ்க்கை முதலில் முடித்துவிடுங்கள்.

நகலெடுக்க விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை நல்லது. ஆனால் இந்தக் கட்டத்தில் சேருமிடத்தை மூலத்தின் அச்சாக்கும் அதன் ‘மிர்’ சுவிட்ச் வேண்டவே வேண்டாம். மூலமும் சேருமிடமும் மாறிப்போனால் மூலத்தில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் ஓயும். மறைந்த கோப்புகளும் நகலாகின்றனவா என்று பாருங்கள். பிகாசாவில் கொடுத்த முகப் பெயர்களுக்கான விவரம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் பிகாசா ஐஎன்ஐ கோப்பில் இருக்கிறது. படத்தைத் திருத்திச் சேமித்திருந்தால் திருத்தாத மூலப்படம் ‘பிகாசா ஒரிஜினல்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். இரண்டும் கண்ணில் படாது. விட்டுப்போனால் பிறகு தேடி எடுக்க வழியில்லை.

ஐபோனிலிருந்து எடுக்கும்போது போட்டோஸ் அமைப்பில் ‘மேக் அல்லது பிசிக்கு மாற்று’ என்ற இடத்தில் ‘மூலத்தை வைத்திரு’ என்று மாற்றிவிட்டு எடுங்கள். ‘தானியங்கி’யில் விட்டால் ஐபோனின் ஹெய்க் வடிவப் படங்களை ஜேபெக்காக மாற்றித் தரும், அப்புறம் ஒரே படத்துக்கு இரண்டு வடிவம். ஐகிளவுடில் இடம் மிச்சப்படுத்தும் அமைப்பு போட்டிருந்தால் போனில் இருப்பது சின்ன நகல் மட்டுமே. மூலத்தை ஐகிளவுடிலிருந்துதான் இறக்க வேண்டும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் எல்லாக் கோப்புக்கும் ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வையுங்கள். 2 லட்சம் வரிக்கு 30, 40 எம்பி வரும். பிற்பாடு எந்தக் கோப்பு கெட்டது, எது காணாமல் போனது என்று சொல்லப்போவது அந்தப் பட்டியல்தான். அதை எடுத்த கையோடு பழைய டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இனி வேலையெல்லாம் 4 டிபி டிஸ்க்கில்.

பெயரை வைத்து நீக்கலாமா என்றால், கூடாது. கேமரா கோப்புப் பெயருக்கான பழைய விதிப்படி நாலு எழுத்து, நாலு எண். 9999 வந்ததும் திரும்ப 0001. இருபது வருடத்துப் படங்களில் ‘ஐஎம்ஜி_0457’ என்ற பெயரில் ஏழெட்டு வேறு வேறு படங்கள் இருப்பது சகஜம். அதேபோல் ஒரே படம் ‘ஐஎம்ஜி_0457’ என்றும் ‘ஐஎம்ஜி_0457 (1)’ என்றும் தேதிப் பெயரிலும் இருக்கும். உள்ளடக்கத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

செக்காவ்கா என்ற இலவச மென்பொருள் இதை நன்றாகச் செய்யும். முதலில் பைட் அளவு ஒன்றாக உள்ளவற்றைப் பிரிக்கும், அடுத்து கோப்பின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும், மிஞ்சியவற்றுக்கு மட்டும் முழு ஹாஷ் எடுக்கும். அதனால் 1.4 டிபியையும் முழுக்கப் படிக்காமலே வேலை முடியும். ஓட்டும் முன் பூஜ்ய பைட் கோப்புகளைத் தனியே ஒதுக்குங்கள். ஹாஷை மட்டும் பார்த்தால் அவை எல்லாமே ஒன்றுக்கொன்று டூப்ளிகேட் என்றுதான் வரும். எந்த ஃபோல்டர் ஏற்கெனவே நன்றாக ஒழுங்கு செய்யப்பட்டதோ, உங்கள் விஷயத்தில் பிகாசா ஃபோல்டர்கள், அதை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறித்துவிடுங்கள். அதிலிருந்து எதுவும் நீக்கப்படாது. அதோடு ஒத்துப்போகும் மற்ற நகல்கள்தான் பட்டியலில் வரும்.

நீக்கு பொத்தானை இப்போது அழுத்த வேண்டாம். ‘நகர்த்து’ என்று கொடுத்து, ஃபோல்டர் அடுக்கு கெடாமல் ‘ஒதுக்கியவை’ என்ற ஒரே இடத்துக்கு அனுப்புங்கள். அச்சு அசல் நகல்களுக்கு இந்த அளவு போதும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் ஹாஷ் ஒத்துவராத படங்கள் வேறு கதை, அதை இன்னொருவர் சொல்லட்டும்.

பதில் 2

அதைச் சொல்கிறேன். படம் அதே படமாக இருந்தும் ஹாஷ் மாறுவதற்கு நாலைந்து காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கையாளும் விதம் வேறு.

ஒன்று, படத்தின் பிக்சல்கள் அப்படியே இருக்கின்றன, மேலே ஒட்டிய குறிப்பு மட்டும் மாறியிருக்கிறது. விண்டோஸில் நட்சத்திரம் கொடுத்தாலோ, பிகாசாவில் தலைப்பு எழுதினாலோ இது நடக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல், இருப்பிட அனுமதி வாங்காத செயலி படத்தைப் படித்தால் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுத்தான் கொடுக்கும். அப்படி நகலெடுத்த படமும் இந்த வகை. இவற்றைப் பிடிக்க, படக் குறிப்புகளைப் படித்து மாற்றும் எக்ஸிஃப்டூல் கருவியில் ‘இமேஜ் டேட்டா ஹாஷ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. குறிப்புகளை விட்டுவிட்டுப் படத் தரவுக்கு மட்டும் ஹாஷ் எடுக்கும். இந்த ஹாஷ் ஒன்றாக இருந்தால் படம் ஒன்று, சந்தேகமே வேண்டாம். குறிப்பு அதிகம் உள்ளதை, முக்கியமாக எடுத்த தேதியும் ஜிபிஎஸ்ஸும் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, படமே மறுபடி அழுத்தப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப், சமூக வலைத்தளம், போட்டோ எடிட்டர் வழியாக வந்தவை. இங்கே சாதாரண ஹாஷ் உதவாது, தோற்ற ஹாஷ் வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே ஏமாறும் என்பதும் தெரியும். டிஹாஷ் முறையில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9, உயரம் 8 பிக்சலுக்குச் சுருக்குவார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சலைவிட வெளிச்சமா, இருட்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒரு வரிசைக்கு 8 விடை, 8 வரிசைக்கு 64 விடை. அந்த 64 பிட்தான் படத்தின் அடையாளம். இரண்டு படத்தின் 64 பிட்டில் எத்தனை மாறுகிறது என்பதுதான் தூரம்.

தூரம் 0 முதல் 3 வரை வந்தால் ஏறக்குறைய நிச்சயமாக ஒரே படம். 5 வரைக்கும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். 10ஐத் தாண்டினால் பட்டியல் குப்பையாகிவிடும். 72 பிக்சலில் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்: வெள்ளைத் தாளை எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே மாதிரி. மேலே வானம், கீழே கடல் என்று எடுத்ததெல்லாம் ஒரே மாதிரி. சான்றிதழ், ரசீது, நோட்டுப் பக்கம் போன்றவற்றைத் தோற்ற ஹாஷுக்குள் விடாமல் முன்கூட்டியே தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். இதில் நடக்கும் இழப்புதான் ரொம்ப வலிக்கும். பத்துப் பக்க ஆவணத்தில் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சி மற்றவை ‘டூப்ளிகேட்’ என்று போய்விடும்.

வாட்ஸ்அப்பை மொத்தமாகத் தூக்காதீர்கள். நீங்கள் எடுத்து அனுப்பிய படங்களுக்கு மூலம் உங்களிடம் இருக்கும், அந்த நகல் தேவையில்லை. மற்றவர்கள் எடுத்து உங்களுக்கு அனுப்பியவற்றுக்கு அதுதான் உங்களிடம் உள்ள ஒரே பிரதி. ‘சென்ட்’ என்ற உள் ஃபோல்டரில் இருப்பவை பெரும்பாலும் முதல் வகை, வெளியே இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி, எடுத்த தேதி எதுவும் இல்லாமல் வரும். 12 மெகாபிக்சல் மூலம் 4032 × 3024. அதன் வாட்ஸ்அப் நகல் 1600 × 1200. அளவைப் பார்த்தாலே மூலம் எது என்று தெரிந்துவிடும்.

எதை வைப்பது என்ற முடிவுக்கு நான் பார்க்கும் வரிசை: முதலில் பிக்சல் அளவு, அடுத்து கேமரா மாடலும் எடுத்த தேதியும் உள்ளே இருக்கிறதா, அதற்குப் பிறகுதான் கோப்பின் எடை. எடையை முதலில் பார்த்தால் ஏமாறுவீர்கள். எடிட்டரில் திறந்து 100 சதவீதத் தரத்தில் மறுபடி சேமித்த நகல் மூலத்தைவிடக் கனமாக இருக்கும், தரம் கூடியிருக்காது.

அளவும் சரி, தேதியும் சரி, ஆனால் கோப்பு பாதியில் அறுந்தது என்ற வகையும் உண்டு. நகலெடுக்கும்போது கேபிள் பிடுங்கியிருந்தால் ஜேபெக்கின் தலைப்பகுதி முழுசாக வந்திருக்கும், அதனால் 4032 × 3024 என்றே காட்டும். திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். நல்ல ஜேபெக்கில் படத் தரவு எஃப்எஃப் டி9 என்ற இரண்டு பைட்டில் முடியும். அறுந்த கோப்பில் அது இருக்காது. செக்காவ்காவில் ‘பழுதான கோப்புகள்’ என்று ஒரு தேடல் இருக்கிறது, தோற்ற ஹாஷுக்கு முன்னால் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

சேர்ந்தே இருக்க வேண்டியவற்றைப் பிரித்துவிடாதீர்கள். ஐபோன் லைவ் போட்டோ என்பது ஒரே பெயரில் ஒரு ஹெய்க்கும் ஒரு எம்ஓவியும். ஏஏஇ என்ற கோப்பு ஐபோனில் செய்த திருத்தத்தின் குறிப்பு. ரா கோப்பும் (கேமரா பதிவு செய்த பதப்படுத்தாத தரவு) அதன் ஜேபெக்கும் டூப்ளிகேட் இல்லை. தொடர்ச்சியாக அடித்த பர்ஸ்ட் படங்களும் டூப்ளிகேட் இல்லை. அதில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் கண்ணின் வேலை, மென்பொருளிடம் விடாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: செங்குத்துப் படங்களில் சில நகல் உண்மையாகவே திருப்பப்பட்டிருக்கும், சிலவற்றில் ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். குறிப்பை மதிக்காத மென்பொருளுக்கு அவை இரண்டும் வேறு படம். தேடல் முடிந்தும் செங்குத்துப் படங்கள் மட்டும் இரட்டையாக மிஞ்சினால் காரணம் இதுதான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒதுக்கி வைக்கும் யோசனை மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. டேக்அவுட் ஜிப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதன் விவரம் எழுதிய ஒரு ஜேசான் கோப்பு இருக்கிறது. பல படங்களுக்குத் தேதி, ஜிப்பைப் பிரித்த நாளைக் காட்டுகிறது. வீடியோக்கள் சிலது ஒரு நாள் தள்ளி விழுகின்றன. 2006இல் எடுத்த ஒரு கேமராவின் படங்கள் எல்லாம் 2002 ஜனவரி 1 என்று வருகின்றன. இதெல்லாம் சரியாகுமா?

பதில் 3

எல்லாமே சரியாகும், எக்ஸிஃப்டூல் ஒன்றே போதும்.

தேதியை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் எடுத்த நேரமாக எழுதியிருக்கும் ‘டேட்டைம்ஒரிஜினல்’ முதலில். அது இல்லாவிட்டால் டேக்அவுட் ஜேசான். அதுவும் இல்லாவிட்டால் கோப்புப் பெயரில் உள்ள தேதி, பிறகு ஃபோல்டர் பெயர். எதுவும் இல்லாததைத் ‘தேதி தெரியாதவை’ என்ற ஃபோல்டரில் போடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். விண்டோஸ் காட்டும் ‘உருவாக்கிய தேதி’ அந்த டிஸ்க்குக்குக் கோப்பு வந்த நாள்தான், அதை நம்பவே கூடாது. ‘மாற்றிய தேதி’ அதைவிடப் பழையதாக இருந்தால் அது படம் எடுத்த நாளாக இருக்க வாய்ப்பு உண்டு. நேரடியாகக் கார்டிலிருந்து நகலெடுத்த பழைய படங்களில் அப்படித்தான் இருக்கும். வேறு சான்றே இல்லாதபோது மட்டும் அதைப் பாருங்கள்.

டேக்அவுட்டில் முதல் விதி: எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டருக்குள் பிரிக்க வேண்டும். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசான் அடுத்த ஜிப்பிலும் இருக்கும். தனித்தனியாகப் பிரித்தால் ஜோடி சேராது. ஒரே படம் ஆண்டு ஃபோல்டரிலும் ஆல்பம் ஃபோல்டரிலும் இரண்டு தடவை வரும், அவை அச்சு அசல் நகல்கள். ஆண்டு ஃபோல்டரில் உள்ளதை வைத்துக்கொண்டு, எந்தப் படம் எந்த ஆல்பத்தில் இருந்தது என்ற பட்டியலை மட்டும் எழுதி வையுங்கள். ஆல்பம் பெயரும் தகவல்தான்.

ஜோடி சேராமல் போகும் மூன்று இடம் உண்டு. பெயர் நீளமாக இருந்தால் ஜேசானின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் படத்தின் பெயரில் ‘(1)’ புள்ளிக்கு முன்னால் வரும், ஜேசானில் ஜேபிஜி என்பதற்குப் பின்னால் வரும். கூகுளில் திருத்திய படத்துக்கு ‘எடிட்டெட்’ என்று வால் இருக்கும், அதற்கென்று தனி ஜேசான் கிடையாது, மூலத்தின் ஜேசானையே பயன்படுத்த வேண்டும். கூகுள் போட்டோஸ் டேக்அவுட் ஹெல்பர் என்ற இலவசக் கருவி இவற்றில் பெரும்பகுதியைத் தானே சமாளிக்கும்.

ஜேசானில் ‘போட்டோ டேக்கன் டைம்’ என்று ஒரு எண் இருக்கும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். அதைப் படம் எடுத்த இடத்தின் நேரத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். படத்துக்குள்ளேயே சரியான தேதி இருந்தால் ஜேசானைத் தொடவே வேண்டாம். கூகுள் செயலியில் நீங்களே தேதி திருத்திய படங்களுக்கு மட்டும் ஜேசான் சொல்வது சரி, ஏனென்றால் அந்தத் திருத்தம் படத்துக்குள் போகாது.

வீடியோ தள்ளி விழுவதற்கும் யுடிசிதான் காரணம். போட்டோவின் தேதி உள்ளூர் நேரத்தில் எழுதப்படுகிறது. எம்பி4, எம்ஓவி கோப்புகளில் விதிப்படி யுடிசியில் எழுத வேண்டும். யுடிசிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அதிகாலை வீடியோ முந்தைய நாளுக்கும், மேற்கே இருப்பவர்களுக்கு இரவு வீடியோ அடுத்த நாளுக்கும் போகும். எக்ஸிஃப்டூலில் ‘குயிக்டைம் யுடிசி’ அமைப்பைப் போட்டால் உள்ளூர் நேரமாகக் கணக்கிடும். ஆனால் சில பழைய கேமராக்கள் விதியை மீறி உள்ளூர் நேரத்தையே எழுதியிருக்கும். அவற்றுக்கும் சேர்த்துப் போட்டால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கேமரா மாடல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு வீடியோவை வைத்துச் சோதித்த பிறகு மொத்தமாக ஓட்டுங்கள். ஐபோன் வீடியோவில் ‘கிரியேஷன் டேட்’ என்ற இன்னொரு புலத்தில் நேர மண்டலமும் சேர்ந்தே இருக்கும், அதை எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

2002 ஜனவரி 1 விஷயம்: பேட்டரி தீர்ந்து கேமராக் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், ஆகவே படங்களுக்கு இடையே உள்ள நேர வித்தியாசம் உண்மையானது. அந்தத் தொகுப்பில் நாளும் நேரமும் நிச்சயமாகத் தெரிந்த ஒரு படத்தைக் கண்டுபிடியுங்கள். மேடைப் பலகையில் தேதி எழுதியிருக்கும், சுவரில் கடிகாரம் தெரியும். அந்த வித்தியாசத்தை எக்ஸிஃப்டூலின் ‘ஆல்டேட்ஸ்’ கூட்டல் மூலம் அந்தக் கேமரா மாடலுக்கு மட்டும், அந்தத் தொகுப்புக்கு மட்டும் சேர்த்துவிடலாம். நடுவில் பேட்டரி மறுபடி தீர்ந்திருந்தால் தேதி திரும்ப ஜனவரி 1க்குப் போயிருக்கும். கோப்பு எண் கூடிக்கொண்டே போகும்போது தேதி மட்டும் பின்னால் குதிக்கும் இடம்தான் அது. அங்கிருந்து வேறு வித்தியாசம் கணக்கிட வேண்டும்.

எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு கோப்பையும் மாற்றும்போது பழையதை ‘ஒரிஜினல்’ என்ற வாலோடு பக்கத்திலேயே வைக்கும். டிஸ்க் இடம் திடீரென்று இரட்டிப்பானால் திகைக்க வேண்டாம். சரிபார்த்த பிறகு அவற்றை நீக்கலாம். பெயர் மாற்றும்போது ‘ஃபைல்நேம்’ என்ற இடத்தில் ‘டெஸ்ட்நேம்’ என்று போட்டால் எதையும் தொடாமல், என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். ஒவ்வொரு தடவையும் அதை முதலில் ஓட்டுங்கள்.

பதில் 4

ஃபோல்டர் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டு, அதற்குள் ஆண்டு-மாதம், தேவைப்பட்டால் நாளும் நிகழ்ச்சிப் பெயரும். இதற்கு மேல் அடுக்க வேண்டாம். கோப்புப் பெயர் 20060514_173205 என்ற வடிவில் இருந்தால் எந்தக் கணினியிலும் வரிசை கெடாது. ஆள், இடம் எல்லாம் ஃபோல்டரில் வேண்டாம், குறிச்சொல்லாகப் படத்துக்குள் எழுதுங்கள். டிஜிகேம் என்ற போட்டோ மென்பொருள் இதற்கு நல்லது, ஆனால் குறிச்சொல்லைப் படத்துக்குள் அல்லது எக்ஸ்எம்பி பக்கக் கோப்பில் எழுதும்படி அமைப்பில் சொல்ல வேண்டும். தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால் டிஸ்க் மாற்றும்போது குறிச்சொல் எல்லாம் பின்தங்கிவிடும்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூனிகோடில் ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களை இரண்டு விதமாக எழுதலாம். ‘கோடை’ என்பதில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், முன்னே வரும் இரட்டைக் கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பிரித்துத்தான் சேமிக்கும், விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் தட்டியபடி வைக்கும். மேக்கில் நகலான டிஸ்க்கை விண்டோஸ் டிஸ்க்கோடு ஒத்திசைத்தால் ‘கோடை விடுமுறை’ என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டிலும் முழுப் படங்களும் இருக்கும். ஆர்சிங் என்ற ஒத்திசைவுக் கருவியில் இதற்கென்றே ‘ஐகான்வ்’ என்ற எழுத்துமாற்று அமைப்பு இருக்கிறது.

இன்னொன்று, நீளம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, குறிக்கு ஒன்று. 85 குறியீட்டில் இடம் தீர்ந்துவிடும், அதாவது நாற்பது, ஐம்பது எழுத்து. விண்டோஸில் நீளமாக வைத்த பெயர் என்ஏஎஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) நகலாகாமல் நிற்பது இதனால்தான். பெயரைச் சின்னதாக வைத்து, விளக்கத்தைப் படத்தின் குறிப்பில் எழுதுங்கள்.

பதில் 5

பேக்கப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒத்திசைவு பேக்கப் ஆகாது. போனில் நீக்கினால் கூகுள் போட்டோஸிலும் போய்விடும், குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐகிளவுடில் 30 நாள். ‘ஸ்டோரேஜ் சேவர்’ தரத்தில் ஏற்றியிருந்தால் அங்கே இருப்பது மூலமே இல்லை. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதைச் சுருக்கி, மற்றதையும் மறுபடி அழுத்தி வைத்திருக்கும். பல டிஸ்க்கை ஒன்றாக இணைக்கும் ரெய்டும் பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், தவறாக நீக்கியதைத் தாங்காது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 கணக்குதான் இன்றைக்கும் சரி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். உங்கள் அளவுக்கு நான் சொல்வது இது. வேலை செய்யும் டிஸ்க் ஒன்று. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற ஒத்திசைவு மென்பொருள் கொண்டு அதன் நேரடி நகல் இன்னொரு டிஸ்க்கில். அதில் ‘வெர்ஷனிங்’ போட்டுவிடுங்கள், நீக்கியதும் மாற்றியதும் அழியாமல் தனி ஃபோல்டருக்குப் போகும். மூன்றாவது, கோபியா அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் மறையாக்கம் செய்து மேகச் சேமிப்புக்கோ, வேறு வீட்டில் இருக்கும் டிஸ்க்குக்கோ. நேரடி நகலை எந்தக் கணினியிலும் செருகிப் பார்க்கலாம். ரெஸ்டிக் வைப்பதை ரெஸ்டிக்கால்தான் திறக்க முடியும், கடவுச்சொல் தொலைந்தால் எல்லாமே தொலைந்தது. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். நீங்கள் இல்லாதபோது திறக்க வேண்டியவருக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.

ஃபோல்டர் ஒழுங்கும் தேதித் திருத்தமும் முடிந்த பிறகே மேகத்துக்கு ஏற்றத் தொடங்குங்கள். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்று வேகத்தில் 1 டிபிக்கு 4 நாளுக்கு மேல் ஆகும். தேதியைத் திருத்தினால் கோப்பு மாறுகிறது, மறுபடி ஏற வேண்டும்.

பதில் 1இல் சொன்ன ஹாஷ் பட்டியலுக்கு ஒரு திருத்தம். அது மூலத்தின் நிலை, அதைத் தொடாமல் வைத்திருங்கள். திருத்தமெல்லாம் முடிந்ததும் இறுதித் தொகுப்புக்குப் புதிதாக ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் அந்தப் புதிய பட்டியலோடு சரிபாருங்கள். ஒன்றில் மட்டும் ஹாஷ் மாறியிருந்தால் அது தானாகக் கெட்டது, மற்றதிலிருந்து எடுத்துப் போடலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்சிங் சாதாரணமாக அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டும் பார்க்கும்; தானாகக் கெட்ட கோப்பில் இரண்டும் மாறாது, அதனால் நல்ல நகல் தப்பிக்கும். ‘செக்சம்’ அமைப்போடு ஓட்டினால் உள்ளடக்கம் வேறு என்று கண்டு, கெட்டதை நல்லதன் மேல் எழுதிவிடும். சரிபார்ப்பது தனி, ஒத்திசைப்பது தனி. சரிபார்த்த பிறகே ஒத்திசைக்க வேண்டும்.

அலமாரியில் வைக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம், ஹார்ட் டிஸ்க் போதும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பு சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு வைத்த அளவுகோல். வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் கணினியில் புகும் பிணைத்தொகை வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

கேட்டவர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பழைய மூன்று டிஸ்க்கையும் ‘ஒதுக்கியவை’ ஃபோல்டரையும் எப்போது காலி செய்யலாம்?

பதில் 1

இரண்டு சோதனை முடிந்த பிறகு. முதலாவது, கணக்குச் சோதனை. பிக்சல் தரவு ஹாஷை மூலத்துக்கும் எடுங்கள், இறுதித் தொகுப்புக்கும் எடுங்கள். மூலத்தில் இருந்து இறுதியில் இல்லாத ஹாஷ் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிய வேண்டும்: வாட்ஸ்அப் சின்ன நகல், அறுந்த கோப்பு, நீங்களே கழித்த பர்ஸ்ட் படம் என்று. காரணம் சொல்ல முடியாதது பத்து இருந்தாலும் அந்தப் பத்தையும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, மீட்புச் சோதனை. வேலை செய்யும் டிஸ்க்கைத் தொடாமல், வேறு கணினியில், மூன்றாவது பிரதியிலிருந்து மட்டும் 2005, 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆளுக்கொரு மாதமாக மூன்று மாதங்களை மீட்டெடுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தைப் பார்த்தே தட்டுங்கள். அதில் போட்டோ, வீடியோ, லைவ் போட்டோ ஜோடி, தமிழ்ப் பெயர் ஃபோல்டர் எல்லாம் சரியாக வருகின்றனவா, ஹாஷ் புதிய பட்டியலோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக வந்தால் ‘ஒதுக்கியவை’யை மூன்று மாதம் கழித்து நீக்கலாம். பழைய டிஸ்க்குகளில் 197 பூஜ்யமாக உள்ள ஒன்றை மட்டும் அப்படியே கழற்றி, மேலே தேதி ஒட்டி, வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் முழுதாக அழித்துவிட்டு வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், பேக்கப்புக்கு மட்டும் வேண்டாம்.